டீக்கடைப் பாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் ஒரு சின்ன கால்பந்துக் குழுவுக்குப் பதினொரு வருஷமாகப் பொருளாளராக இருக்கிறேன். பகலில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. பந்து ஆடியது முப்பது வயதோடு முடிந்துவிட்டது, குழுவின் கணக்கு நோட்டு மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள், நான் கடனைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தின்மேல் நின்றது. நானும் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து மணலாகவே பார்த்த ஆறு. சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் பையன்கள் பயிற்சி எடுத்த இடம் அந்த ஆற்றோரம்தான். சவுக்குக் கட்டையில் நட்டிருந்த கோல் போஸ்ட் நான்கும் அன்றைக்கே போய்விட்டன. எங்கள் குழுவின் மோசமான சீசன் அப்படித்தான் தொடங்கியது.

வட ஆற்காட்டுப் பக்கம் விளையாட்டுக் குழுக்கள் எப்படி ஓடுகின்றன என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலும் காலணியும்தான் பெரிய தொழில். திருவிழா நன்கொடை என்றாலும், பையன்களுக்கு ஜெர்சி என்றாலும், கடைசியில் ஒரு தோல் வியாபாரியின் கதவைத்தான் தட்டுவோம். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் அவர் முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் செலவைத்தான். அதில் தப்பு சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஒருவர் 60,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். யார் என்று சொல்லத் தேவையில்லை. முன்பணம் 15,000 கொடுத்தார். அதை நம்பி, அவர் சொன்ன பெயரையே முதுகில் அச்சடித்துப் பதினெட்டு ஜெர்சி தைத்தோம். பந்து வாங்கினோம், என்ட்ரி ஃபீஸ் கட்டினோம். வெளியூரிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களை மேட்சுக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்தோம். ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு வந்து ஆட்டங்கள் தள்ளிப்போயின. மீதி 45,000 வரவே இல்லை. நான் போன் செய்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பதில் வரும். பிறகு அதுவும் நின்றது. பையன்கள் அவர் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு கடைசி மேட்ச் வரைக்கும் ஆடினார்கள். வேறு ஜெர்சிக்குக் காசு எங்கே?

பிப்ரவரி மாதக் கடைசியில் பெட்டியில் 740 ரூபாய் இருந்தது. நோட்டில் பாக்கி: வேன்காரருக்கு 7,200, வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு 4,500, மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடை அக்காவுக்கு 4,360, ஷூ தைத்துக் கொடுத்தவருக்கு 1,850. மொத்தம் 17,910. கால்பந்து உலகத்தில் இது ஒரு தொகையா என்று கேட்கலாம். கையில் 740 வைத்துக்கொண்டு 17,910 கொடுக்க வேண்டியிருந்தவனுக்கு அது பெரிய தொகைதான்.

மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டுப் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லின் இறுதி ஆட்டம், கோவா ஃபடோர்டாவில், ஹைதராபாத் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும். பையன்கள் அக்கா கடையை மூட விடாமல் பெஞ்சில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். 1-1, அப்புறம் கூடுதல் நேரம், அப்புறம் டைபிரேக்கர். ஹைதராபாத் கோல்கீப்பர் கட்டிமணி மூன்று பெனால்டியைத் தடுத்தார். எங்கள் கோல்கீப்பர் பையன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான்.

கோப்பை ஜெயித்த அந்த ஹைதராபாத் கிளப் இரண்டு வருஷத்தில் என்ன ஆனது என்பதைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும். 2023-24 சீசனில் ஹைதராபாத்தில் சம்பளம் வரவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் முக்கியமான இந்திய ஆட்டக்காரர்களும் பாதியில் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த சின்னப் பையன்களை வைத்து மீதி ஆட்டங்களை ஆடினார்கள். 22 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, 8 புள்ளி, கடைசி இடம். அந்த ஒரு வெற்றியும் நம் சென்னையின் எஃப்சிக்கு எதிராக வந்தது. சம்பளம் வராத பையன்கள் ஜெயித்ததைப் பார்த்தபோது தோற்றது நம் அணி என்ற வருத்தம் எனக்கு வரவில்லை. நம் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சியையும் நினைத்துப் பாருங்கள். 2019-ல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் கோப்பையைத் தூக்கிய அணி. இன்று எந்த தேசிய லீக்கிலும் இல்லை. கோப்பை ஜெயித்தால் கடன் அடையும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் பழைய ஆட்டக்காரர்களிடம் கையேந்தி 9,000 ரூபாய் திரட்டினேன். அதை யாருக்குக் கொடுப்பது? வெளியூர் ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் காசு இல்லை என்றால் அடுத்த மேட்ச் வரமாட்டோம் என்றார்கள். 4,500 அவர்களுக்குப் போனது. வேன்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 3,000 அவருக்கு. மிச்சம் 1,500 அடுத்த போட்டிக்கான என்ட்ரி ஃபீஸ். அக்காவுக்கும் ஷூ தைத்தவருக்கும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அவர்கள் சத்தம் போடவில்லை, அதனால் அவர்களைக் கடைசியில் வைத்தேன். அப்போது அதை நான் ஒரு தப்பாகவே நினைக்கவில்லை. அணி நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு.

ஏப்ரல் முதல் வாரம் கடைக்குப் போனேன். அக்கா பாய்லருக்குப் பின்னால் மாட்டியிருந்த தேதி காலண்டரைக் கழற்றிக் கொடுத்தது. கட்டம் கட்டமாகப் பென்சில் கோடு. ஒரு கோடு ஒரு டீ, ஒரு புள்ளி ஒரு பன். என் நோட்டில் ஒரு வரியாக இருந்த 4,360 அங்கே மூன்று மாதத் தாளில் பரவிக் கிடந்தது.

"அண்ணா, நீங்க எனக்குப் பாக்கி. நான் பால்காரருக்குப் பாக்கி. அவரு முந்தாநேத்துலேந்து அரை லிட்டரு குறைச்சு ஊத்தறாரு. அதனால சாயங்காலம் ஆறு மணிக்கே கடைய மூடறேன்" என்றது.

கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ராத்திரிதான் இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் கிளப்பின் கதையைச் செல்போனில் தேடிப் படித்தேன். 2008-ல் எஃப்ஏ கோப்பை என்ற அந்த நாட்டு நாக்-அவுட் போட்டியை ஜெயித்த அணி. இருபதாயிரம் பேர் உட்காரக்கூடிய பழைய மைதானத்தை வைத்துக்கொண்டு, பெரிய கிளப்புகள் கொடுக்கிற சம்பளத்தைக் கொடுத்தார்கள். 2009-10 சீசனில் அந்தக் கிளப் நான்கு முதலாளிகள் கைமாறியது. சம்பளம் தள்ளிப் போனது, வரித்துறை நீதிமன்றத்துக்குப் போனது. 2010 பிப்ரவரி 26 அன்று, அங்கே முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே, கடன் கட்ட முடியாமல் வெளி நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் என்ற பெயர் வாங்கியது. 9 புள்ளி பறிக்கப்பட்டது. அது பறிபோகாமல் இருந்தாலும் 28 புள்ளிதான் வந்திருக்கும், 30 எடுத்த பர்ன்லியும் ஹல் சிட்டியுமே கீழே இறங்கின. அதே சீசனில்தான் அரை இறுதியில் டாட்டன்ஹாமை 2-0 என்று ஜெயித்து எஃப்ஏ கோப்பை இறுதிக்கும் போனார்கள். டாட்டன்ஹாமின் பயிற்சியாளர் ஹாரி ரெட்நாப், 2008-ல் போர்ட்ஸ்மவுத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆள். இறுதியில் செல்சியிடம் 1-0. அந்தப் பையன்கள் ஆடிய ஆட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

என்னைத் தூங்க விடாதது வேறு. கிளப்பின் கடன் 10 கோடி பவுண்டுக்கு மேல். அங்கே ஒரு விதி உண்டு: கிளப் நொடித்துப் போனால் ஆட்டக்காரர்களின் சம்பளமும் மற்ற கிளப்புகளுக்கான பாக்கியும் முழுசாகத் தீர்க்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் லீக்கில் ஆட முடியாது. மற்றவர்களுக்கு மிஞ்சியதில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கிள்ளிக் கொடுப்பார்கள். அந்த மற்றவர்களின் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. மேட்ச் நடக்கும்போது மைதான ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நிற்கிறவர்கள், பெரும்பாலும் தொண்டர்கள். அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை பார்த்த 85 பேரை அந்த மார்ச்சிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை எல்லாம் படிக்கும்போது என் நோட்டைப் படிக்கிற மாதிரியே இருந்தது. அவர்களுக்கு விதி இருந்தது. நான் விதி இல்லாமலே அதே வரிசையைப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பையன்களைக் கூப்பிட்டு நோட்டை நடுவில் வைத்துப் படித்துக் காட்டினேன். வெளியூர் ஆட்டக்காரர்கள் இனி வேண்டாம், வேன் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பயிற்சிக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் பத்து ரூபாய் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போட வேண்டும். இரண்டு பேர் காலணிக் கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர்கள், ஓவர்டைம் பார்த்து இருபதாகப் போட்டார்கள்.

ஆம்பூர் மேட்சுக்குப் பதிமூன்று பேரும் அரசு பஸ்ஸில் போனோம். பள்ளிகொண்டா வரைக்கும் நின்றுகொண்டு, மாதனூரில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் வலை மூட்டைக்கு லக்கேஜ் கேட்டார். கோல்கீப்பர் பையன் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இப்போது இது லக்கேஜ் இல்லையே என்றான். கண்டக்டர் விட்டுவிட்டார். மேட்ச் 3-1 என்று தோற்றோம். இரண்டாம் பாதியில் மாற்று ஆள் இரண்டே பேர், கால் எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. அந்த சீசனில் அதற்கப்புறம் நாங்கள் எதையும் ஜெயிக்கவில்லை.

அக்காவின் 4,360 ஜூன் மாதம் தீர்ந்தது. ஷூ தைத்தவருடைய 1,850 ஜூலையில். வேன்காரரின் மிச்சம் 4,200 ஆகஸ்டில். அக்கா பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, காலண்டர் தாள் மூன்றையும் கிழித்து என் கையில் கொடுத்தது. அதை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

போர்ட்ஸ்மவுத் மூன்று படி கீழே இறங்கி நான்காம் டிவிஷன் வரைக்கும் போனது. 2013-ல் ரசிகர்களே ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு போட்டுக் கிளப்பை வாங்கினார்கள். 2017-ல் நான்காம் டிவிஷனில் முதல் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் கை குலுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் குழு இன்னும் ஆடுகிறது. ஸ்பான்சர் இல்லை. ஜெர்சி முதுகில் எண் மட்டும் இருக்கிறது. ஆற்றோரத்தில் இப்போது இரும்புக் குழாயில் கோல் போஸ்ட் நட்டிருக்கிறோம், ஒன்று கொஞ்சம் சாய்வு. பயிற்சி முடிந்ததும் டப்பாவைத் திறந்து அன்றைய டீக்காசை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றச் செலவை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை 14 டீ, 9 பன். கடை ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருந்தது.

நன்றி, வணக்கம்.