பூனைக்கு இருபது ஆண்டு, பொந்துக்கு?

நேயர்களுக்கு வணக்கம். பூனையையும் மரத்தையும் ஒப்பிடுவதா என்று கேட்காதீர்கள். ஸ்பெயினின் தென்மேற்கில் இரண்டும் ஒரே காட்டில் வாழ்கின்றன. பூனை, ஐபீரிய லின்க்ஸ். மரம், கார்க் ஓக். ஒயின் பாட்டிலை அடைக்கும் தக்கை இதன் பட்டைதான்.

லின்க்ஸ் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். காது நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து, கன்னத்தில் தாடி, குட்டை வால். சாப்பாட்டில் மகா பிடிவாதம்: முயல் இருந்தால்தான் பிழைப்பு. 1950களில் மிக்சோமடோசிஸ் நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1980களின் கடைசியில் இன்னொரு வைரஸ். வேட்டை, சாலை விபத்து எல்லாம் சேர்ந்து, 2002 வாக்கில் வளர்ந்த பூனைகள் நூறுகூடத் தேறவில்லை. அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். 2005இல், அதே தென்மேற்கிலுள்ள தோன்யானா தேசியப் பூங்காவின் இனப்பெருக்க மையத்தில் முதல் குட்டிகள் பிறந்தன. முயல்களைப் பெருக்கி, வளர்ந்த குட்டிகளைப் புதிய இடங்களில் விட்டார்கள். 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது.

மரத்திடம் இந்த அவசரம் செல்லாது. முதல்முறை பட்டை உரிக்கவே சுமார் 25 ஆண்டு ஆகும். கோடையில் கோடரியால் கீறி, கோடரிப் பிடியின் முனையை நெம்புகோலாக்கி, பட்டையைப் பலகை பலகையாகப் பெயர்ப்பார்கள். உள்தோலில் வெட்டு விழக்கூடாது. அனுபவப்பட்ட கைக்குத்தான் அது வரும். உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் நிற்கும். அதில் அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பெயின்ட்டில் எழுதுவார்கள். 4 என்றால் 2024. அடுத்த உரிப்புக்குக் குறைந்தது ஒன்பது ஆண்டு. நல்ல பாட்டில் தக்கை மூன்றாம் உரிப்பில்தான் கிடைக்கும். நட்டவர் அதற்குள் தாத்தாவாகியிருப்பார்.

சரி, இரண்டுக்கும் என்ன உறவு? தோன்யானாவில் பெண் லின்க்ஸ் குட்டி போட கிழட்டு மரத்தின் பொந்தைத் தேடும். கார்க் ஓக் பொந்தும் அதில் சேர்த்தி. குட்டியை மையத்தில் வளர்க்கலாம். நூற்றாண்டுப் பொந்தை எந்த மையத்தில் வளர்ப்பது? இப்போது பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி வேறு அந்த வட்டாரத்து ஓக் மரங்களைக் காயவைக்கிறது.

கைதட்டல் முழுவதும் பூனைக்கே போகிறது. என் கவலை மரத்தைப் பற்றித்தான். தக்கைக்கு விலை இருக்கும்வரை தோப்புக்காரர் மரத்தை வெட்டமாட்டார். பிளாஸ்டிக் அடைப்பானும் திருகுமூடியும் அந்த விலையில்தான் கை வைக்கின்றன.