வான்கோழி வாலும் கராட் வாழையும்

(திரையில்: ஒரு தகர டப்பா. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சாவியைப் பிய்த்து, தகரத்தின் நாக்கில் மாட்டிச் சுருட்டுகிறது ஒரு கை.)

சாவியைச் சுற்றச் சுற்ற தகரம் நாடா மாதிரி உரிந்து வருகிறது. மூடியைத் தூக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் உப்பு போட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சி, ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்த கொழுப்பு. கார்ன்டு பீஃப். பசிபிக் தீவு நாடான சமோவாவில் இதற்குப் பெயர் பிசுப்போ.

கேட்டால் அசல் சமோவா சொல் போலத்தான் இருக்கிறது. ஆனால் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பி-சுப்-போ. பீ சூப். பட்டாணி சூப்தான்! அந்தத் தீவுக்கு டப்பாவில் அடைத்து முதலில் வந்து இறங்கியது பட்டாணி சூப் என்பார்கள். அப்புறம் டப்பாவில் எது வந்தாலும் பிசுப்போ என்றார்கள். கடைசியில் பெயர் மாட்டிறைச்சியிடம் தங்கிவிட்டது. எந்த கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் நாம் ஜெராக்ஸ் என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

சமோவாவில் கல்யாணமோ சாவோ, உறவுக்காரர்கள் கொண்டு வந்து வைக்கும் சீரில் பிசுப்போ பெட்டி பெட்டியாக இருக்கும். எத்தனை பெட்டி வைத்தார் என்பதில் ஒருவரின் கௌரவமே இருக்கிறது. சமோவா வம்சாவளியில் வந்த நியூசிலாந்துக் கலைஞர் மிஷேல் டஃபரி, இந்த டப்பாக்களின் தகரத்தை வெட்டி இணைத்து 1994-ல் ஒரு காளை மாடே செய்தார். வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க அழகாகவும் இருக்கும், லேசாக வயிற்றைக் கலக்கவும் செய்யும்.

(திரையில்: பசிபிக் பெருங்கடலின் வரைபடம். நீலத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாகத் தீவுகள்.)

"உலகிலேயே குண்டான நாடு எது?" என்று இணையத்தில் தேடினால் நூறு வீடியோ வரும். நவுரு, டோங்கா, சமோவா, குக் தீவுகள் என்று பட்டியலின் மேல் வரிசை முழுக்க பசிபிக் தீவுகள்தான். "சோம்பேறிகள், தின்றுகொண்டே இருப்பார்கள்" என்று ஒரு சிரிப்போடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வீடியோக்கள் மேல் ரொம்ப நாளாக எரிச்சல். அந்தத் தீவுகளுக்குக் கப்பலில் என்ன வந்தது, அங்கிருந்து கப்பலில் என்ன போனது என்று பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

முதலில் நவுரு.

மொத்தம் 21 சதுர கிலோமீட்டர். ஒரு நாடு முழுக்க அவ்வளவுதான். பழைய நவுருக்காரர்கள் சாப்பிட்டது தேங்காய், தாழம்பழம், கடல் மீன். தீவின் நடுவில் புவாடா என்றொரு குளம் உண்டு. கடலில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, உப்பு குறைந்த தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, அந்தக் குளத்தில் விட்டு வளர்த்தார்கள். நம் கடலோரத்திலும் பண்ணைகளில் வளர்க்கிற அதே பால்கெண்டை.

இனி கதை சிட்னிக்குப் போகிறது. அங்கே ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவு சாத்தாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவுருவிலிருந்து யாரோ கொண்டு வந்தது, கல்லாகிப்போன மரத்துண்டு என்று நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் 1899-ல் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தார். சுத்தமான பாஸ்பேட்! அந்தக் கதவுக்கல்தான் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது.

1907-லிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஒரு ஆணையம் வைத்துத் தோண்டின. தீவின் நடுப்பகுதி, ஏறக்குறைய 80 சதவீத நிலம், இன்று கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகள் நிற்கும் பொட்டல். ஒரு முருங்கை கூட நட முடியாது.

தோண்டிய பாஸ்பேட் எங்கே போனது? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு உரமாகப் போனது. புல் செழித்தது. புல்லைத் தின்று ஆடுகள் கொழுத்தன. இந்த ஆட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

(திரையில்: தென்னை மரத்தில் கட்டிய பாளை. சொட்டுச் சொட்டாகக் கள்.)

நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை. தமிழ்நாட்டில் கள்ளுத் தடை பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கு இது பிடிக்கும். 1920-களில் ஆஸ்திரேலிய நிர்வாகம் நவுரு மக்கள் கள் குடிக்கக் கூடாது என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குள் தீட்டிய வெள்ளை அரிசி தீவுக்கு வந்து சேர்ந்திருந்தது. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விட்ட அரிசி. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பால் குடித்த பச்சிளங் குழந்தைகள், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்து செத்தன. அங்கிருந்த மருத்துவ அதிகாரி பிரே இதைக் கண்டுபிடித்தார். கள்ளில் இருக்கும் ஈஸ்ட்தான் அதுவரை அந்த வைட்டமினைக் கொடுத்துவந்தது. தாய்மாருக்குக் கள்ளைத் திருப்பிக் கொடுத்ததும் குழந்தை இறப்பு இறங்கியது. இதை வைத்து யாரும் என்னிடம் அரசியல் பேச வராதீர்கள். மருந்து ஈஸ்ட், போதை இல்லை.

சரி, நவுருவுக்கே வருவோம். 1968 ஜனவரி 31-ல் சுதந்திரம். பாஸ்பேட் பணம் முழுக்கத் தங்கள் கைக்கே வந்தது. 1970-களில் தலைக்குத் தலை வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது நவுரு. பயிர் வைக்க நிலம் இல்லை, பணம் இருக்கிறது. அப்புறம் என்ன, அரிசி, சர்க்கரை, குளிர்பானம், டப்பா இறைச்சி எல்லாமே கப்பலில் வந்தன. புவாடா குளத்தில் 1960-களில் யாரோ திலாப்பியாவைக் கொண்டு வந்து விட, அது பெருகிப் பால்கெண்டை வளர்ப்பும் படுத்துவிட்டது.

1975-ல் பால் ஜிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு அங்கே போய் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. எண்ணைப் பார்த்து அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லையாம்.

(திரையில்: பிகினி பவளத்தீவு. மேலிருந்து பார்த்தால் நீல நிறத்தில் ஒரு மோதிரம்.)

நவுருவிடம் பணமாவது இருந்தது. மார்ஷல் தீவுகளின் பிகினி மக்களுக்கு அதுவும் இல்லை. 1946-ல் அமெரிக்கக் கடற்படை 167 பேரைக் கப்பலேற்றி ரோங்கெரிக் என்ற தீவில் கொண்டுபோய் விட்டது. அணுகுண்டுச் சோதனைக்கு இடம் வேண்டுமாம். ரோங்கெரிக்கில் சாப்பாடு போதவில்லை, பட்டினி. 1948-ல் கிலி தீவுக்கு மாற்றினார்கள். கிலியில் பவளப்பாறை வளையத்துக்குள் அடங்கிய உள்கடலே கிடையாது, சுற்றிலும் அலை அறையும் கரைதான். தலைமுறை தலைமுறையாக அமைதியான உள்கடலில் மீன் பிடித்த ஆட்கள் அங்கே என்ன செய்வார்கள்? அமெரிக்கா அனுப்பும் அரிசியையும் டப்பாவையும் எதிர்பார்த்து உட்கார்ந்தார்கள். நினைத்தால் படகு விட முடியாத கடல் என்பதால் அந்தக் கப்பலும் மாதக்கணக்கில் கரைக்கு வர முடியாமல் போகும்.

பிகினியில் 1958 வரை 23 குண்டுகள். 1970-களின் தொடக்கத்தில் "இனி பயமில்லை, திரும்பிப் போகலாம்" என்றார்கள். சிலர் போய், தென்னை நட்டு, இளநீர் குடித்து வாழ ஆரம்பித்தார்கள். அங்கேதான் வினை. மண்ணில் குண்டுகள் விட்டுப்போன கதிரியக்கச் சீசியம்-137ஐப் பொட்டாசியம் என்று நினைத்து வேர் உறிஞ்சிக்கொள்ளும். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தேங்காயில் ஏறி, ஆள் உடம்பில் ஏறி, 1978-ல் மறுபடி எல்லோரையும் காலி செய்தார்கள். சொந்த மரத்துத் தேங்காயைத் தின்னாதே, டப்பாவைத் தின்னு என்று ஒரு சமூகத்துக்குச் சொன்னால், ஐம்பது வருடம் கழித்து அவர்களின் சர்க்கரை அளவைப் பார்த்து யாரைத் திட்டுவது?

(திரையில்: உறைபனிப் பெட்டியிலிருந்து ஒரு இறைச்சித் துண்டு. கைப்பிடி அளவு, முக்கோண வடிவம்.)

இப்போது ஆடு. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்டின் தொடை, விலா எல்லாம் நல்ல விலைக்குப் போகும். வயிற்றோரத்துச் சதை போகாது. பாதிக்குப் பாதி கொழுப்பாக இருக்கும் மடிப்பு அது. உள்ளூரில் வாங்க ஆள் குறைவு என்பதால் உறையவைத்து, மலிவு விலையில், கப்பலில் ஏற்றினார்கள். எங்கே? இதே தீவுகளுக்கு. அதாவது பசிபிக் தீவின் மண் உரமாகி, உரம் புல்லாகி, புல் ஆடாகி, ஆட்டில் வேண்டாத பகுதி மட்டும் பசிபிக் தீவுகளுக்கே திரும்பி வந்தது. ஃபிஜி 2000-ல் இதன் விற்பனைக்குத் தடை போட்டது.

திரையில் தெரியும் முக்கோணத் துண்டு அதன் அமெரிக்கத் தம்பி, வான்கோழி வால். வால் என்று பெயரே தவிர, வால் இறகுகள் ஊன்றி நிற்கும் சதைக்கட்டி. பறவை தன் இறகுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெய் சுரப்பியும் அதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்கச் சமையலறையில் பெரும்பாலும் இதை வெட்டி எறிவார்கள். சமோவாவில் இதைச் சுட்டுச் சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சுவையாகவும் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். கொழுப்பு நெருப்பில் சொட்டினால் யாருக்குத்தான் வாயூறாது?

சமோவா அரசு 2007-ல் வான்கோழி வால் இறக்குமதியைத் தடைசெய்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேர விரும்பியது. பேச்சுவார்த்தையில் இந்த வாலும் மேசைக்கு வந்தது. ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கைச் சும்மா தடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. 2012-ல் சமோவா உறுப்பினரானது. சேர்ந்த ஒரு வருடத்துக்குள் தடையை எடுக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு வருடம் வரை 300 சதவீத வரி போட்டுக்கொள்ளலாம், அப்புறம் 100 சதவீதம். தன் மக்கள் தட்டில் ஒரு வான்கோழியின் பின்பக்கம் விழக் கூடாது என்று ஒரு நாடு நினைத்தால், அதற்கு ஜெனீவாவில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருக்கிறது.

நவுரு இன்னொரு வழியில் போனது. 2007-ல் சர்க்கரைக்கும் இனிப்புப் பானங்களுக்கும் 30 சதவீத வரி போட்டது.

(திரையில்: இரண்டு மனித உருவங்கள். ஒரே உயரம், ஒரே எடை.)

"ஜீன் காரணம் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். 2016-ல் சமோவா மக்கள் 3,000 பேரிடம் நடந்த ஆய்வில் சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். என்ற ஜீனில் ஒரு மாற்றம் அகப்பட்டது. இருப்பவர்களுக்கு உடல் எடை கூடுகிறது. வேடிக்கை என்னவென்றால் அதே மாற்றம் இருப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு! ஆக, ஜீனைக் காட்டிக் கைகழுவ முடியாது. தாத்தா காலத்திலும் அதே ஜீன்தான் இருந்தது.

எடை விஷயத்திலேயே ஒரு குழப்பம் உண்டு. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. எண் ஒன்றாக இருந்தாலும் சமோவா, டோங்கா மக்களைப் போன்ற பாலினேசியர்களுக்குச் சதை அதிகம், கொழுப்பு குறைவு. தெற்காசியர்களான நமக்கு நேர் எதிர். கை கால் குச்சியாக இருக்கும், தொந்தி மட்டும் முன்னால் நிற்கும். அதனால்தான் உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் 2004-ல் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23-லேயே கவனிக்கச் சொன்னார்கள். டோங்காக்காரரைப் பார்த்துச் சிரிக்கும் ஒல்லி அண்ணனும் ஒருமுறை ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது.

(திரையில்: வாழைத்தார் ஒன்று. வழக்கம்போல் தொங்காமல் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது.)

கடைசியாக போன்பே. மைக்ரோனீசியக் கூட்டாட்சி நாட்டில் மழை கொட்டும் பச்சைத் தீவு. சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, ஈரப்பலா எல்லாம் கொல்லையிலேயே விளையும். ஆனால் 1990-களில் அங்கே சின்னக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் வைட்டமின் ஏ பற்றாக்குறை. அமெரிக்க நிர்வாகம் 1960-களில் பள்ளிச் சாப்பாட்டோடு கொண்டு வந்த வெள்ளை அரிசிதான் நாகரிகம் என்றாகியிருந்தது. கிழங்கு சாப்பிட்டால் ஏழை. நம் பாட்டிமார் காலத்தில் கம்பங்கூழுக்கு நடந்ததும் இதுவேதான்.

லோயிஸ் எங்ல்பெர்கர் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் கீரை நடச் சொல்லித்தான் ஆரம்பித்தார். மக்களிடம் எடுபடவில்லை. அப்போது ஊர்க்காரர்கள் சொன்னார்கள், எங்களிடம் கராட் என்றொரு வாழை இருக்கிறது, குழந்தைக்கு முதல் சோறு அதுதான் ஊட்டுவோம் என்று. பழம் குட்டையாக, குண்டாக இருக்கும். தோலை உரித்தால் உள்ளே பரங்கிக்காய் நிறம். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின், கடையில் விற்கும் சாதாரண வாழையைவிடப் பல மடங்கு. இன்னொரு வகையான உட்டின் யாப்பில் அதைவிடவும் அதிகம்.

மருந்து கொல்லையில் நின்றுகொண்டிருந்தது, யாரும் நடாமல் குறைந்துகொண்டு வந்தது. கன்று பிரித்துக் கொடுத்தார்கள், தபால்தலை போட்டார்கள், 2005-ல் கராட்டை மாநில வாழையாகவே அறிவித்தார்கள். சந்தையில் அதுவரை தென்படாத கராட் சீப்புகள் விற்பனைக்கு வந்தன.

ஒரு எச்சரிக்கை. எங்காவது கராட் கிடைத்து நிறையச் சாப்பிட்டீர்களானால் மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். ரைபோஃபிளேவின் என்ற பி வைட்டமினின் நிறம் அது. டாக்டரிடம் ஓட வேண்டாம்.