மாராவுக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். கென்யாவில் இருக்கிற மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. பயணக் குழுக்களோடு அங்கே போய்வருகிறவன் என்பதால், கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள்.

முதலில் நாள் கணக்கு. ஆறு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, அதற்குள் அம்போசெலி, நைவாஷா, நகுரு ஏரி, மாரா என்று அங்குள்ள நான்கு இடங்களையும் முடித்துவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் வருவார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் அம்போசெலியிலிருந்து மாரா போய்ச் சேர ஒரு பகல் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். நைரோபியிலிருந்து நரோக் வழியாக நேரே போனாலும் ஐந்தாறு மணி நேரம். அந்த ஆறு நாளில் நான்கு இரவை மாராவுக்கே கொடுங்கள். முதல் நாள் எல்லாமே புல்லாகத்தான் தெரியும். மூன்றாம் நாள் அதே புல்லுக்குள் ஒரு காது அசைவது உங்கள் கண்ணில் படும்.

எப்போது போவது? மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. மாராவில் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண்தான். நனைந்துவிட்டால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஜூலை முதல் அக்டோபர் வரை, பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்கிற, மாடு போலத் தெரியும் பெரிய மான் வகையின் மந்தைகள் வந்து மாரா ஆற்றைக் கடக்கும். உலகமே அப்போது அங்கேதான் இருக்கும். அதற்கேற்ற விலையும் உண்டு: வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 100 டாலர், ஜூலையிலிருந்து 200 டாலர். சிங்கமும் சிவிங்கிப்புலியும், அதாவது சீட்டாவும், பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியே நல்ல காலம். அவை மந்தையோடு ஊர் மாறுவதில்லை, ஆண்டு முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன.

அடுத்தது தாள்கள். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதிலாக இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இதை யாரும் மறப்பதில்லை. மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசியை. இந்தியாவிலிருந்து போகிறவரிடம் கென்யாக்காரர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். அதே டாக்டரிடம் மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாராவில் மலேரியா உண்டு.

மூட்டை கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் அவற்றுக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து வனக் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு 15 கிலோதான் அனுமதி, அதுவும் துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் வயிற்றுக்குள் நுழையாது. கருப்பும் கருநீலமும் தவிருங்கள், செட்ஸி என்கிற கடிக்கும் ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகாலை ஆறு மணிக்கு நடுங்கிவிடுவார்கள். மாரா கடல் மட்டத்துக்கு மேலே 1,500 மீட்டருக்கும் உயரம். கூரையைத் திறந்து வைத்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும். கனமான ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். சப்பாத்தி அங்கே அன்றாட உணவு. பீன்ஸும் சுக்குமா விக்கி என்கிற கீரைப் பொரியலும் எங்கும் கிடைக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டிரைவரைப் பற்றி. அவர்தான் உங்கள் வழிகாட்டியும். தங்கும் கூடாரத்தில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, வழிகாட்டியில் பிடிக்காதீர்கள். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி கொடுக்கிறது. அப்படித் தேறிய ஒருவர் பக்கத்தில் இருந்தால், இன்னும் கிட்டே போங்கள் என்று நீங்கள் சொன்னாலும் அவர் போக மாட்டார். அவரை வற்புறுத்தாதீர்கள்.

ஓர் ஆகஸ்டு காலையில் மாரா ஆற்றங்கரையில் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட். முன்னால் நின்ற ஒன்று சரிவில் இறங்கி, தண்ணீரில் மூக்கை வைத்து, பின்வாங்கி, மறுபடி இறங்கியது. பின்னால் நின்றவை நெருக்கித் தள்ளின. அந்த நேரம் பார்த்து எங்கள் கரையில் ஒரு வண்டி நல்ல படம் வேண்டுமென்று விளிம்புவரை ஓட்டிக்கொண்டு வந்தது. முன்னால் நின்றது தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பியது. மந்தை மொத்தமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டது. அன்று முழுக்க அவை இறங்கவில்லை.

சிவிங்கிப்புலிக்கு இழப்பு இன்னும் பெரிது. மாராவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் அது 0.2தான். பகலில் வேட்டையாடும் மிருகம் அது. கரையான் புற்றில் ஏறி நின்று இரையைத் தேடும்போது நான்கு பக்கமும் வண்டி நின்றால் எப்படி வேட்டையாடும்? குட்டிக்கு எதைக் கொடுக்கும்? ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆறாவதாகப் போய்ச் சேர்ந்தால், தள்ளி நின்று காத்திருப்போம் என்று நீங்களே சொல்லுங்கள். விருந்தாளி கோபித்துக்கொள்வாரோ, டிப்ஸ் குறையுமோ என்று பயந்துதான் பல டிரைவர்கள் விதியை மீறுகிறார்கள். அந்தப் பயத்தை முதல் நாளே போக்கிவிடுங்கள். டிப்ஸும் தாராளமாகக் கொடுங்கள். டாலராகக் கொடுத்தால் புதிய தாளாக இருக்கட்டும், பழைய அச்சுத் தாள்களை அங்கே பல இடங்களில் வாங்குவதில்லை.

பதிவு செய்வதற்கு முன் நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்: டிரைவர் எந்தத் தகுதி பெற்றவர்? வண்டியில் எத்தனை பேர், எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? நுழைவுக் கட்டணம் சொன்ன விலைக்குள் அடங்குமா, எத்தனை நாளுக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள். நன்றி, வணக்கம்.