சிவப்பு வைன் வயசானா ஏன் வெளுக்குது?

[திரையில்: மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு]

ஒரு வெள்ளை வைன், ஒரு சிவப்பு வைன். ரெண்டையும் இருட்டு அறையில 20 வருஷம் வச்சுட்டு எடுத்துப் பாருங்க. வெள்ளை நிறம் ஏறிப் பொன்பழுப்பா நிக்கும். சிவப்போ வெளுத்துப் போயிருக்கும்! அந்தச் சாயம் எங்க போச்சு? இன்னைக்கு அதைத்தான் தேடப் போறோம்.

[வரைபடம்]

நாம பாக்கப் போற சிவப்பு வைனோட ஊர் பான்டோல். தெற்கு பிரான்ஸ், மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவுல, மத்தியதரைக்கடலைப் பாத்த மலைச்சரிவு. ஊர் பேரைப் போட்டு வைன் விக்கற உரிமை 1941ல கிடைச்சது. சிவப்புல பாதிக்குக் குறையாம மூர்வேத்ர்ங்கிற திராட்சை இருக்கணும், 18 மாசமாவது மரப்பீப்பாயில கிடக்கணும், ரெண்டும் சட்டம். கூட சேர்றது பெரும்பாலும் கிரெனாஷ், சான்சோங்கிற திராட்சைங்க. வரலாறு இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

[பழத்தின் நெருக்கக் காட்சி]

மூர்வேத்ர் சின்னப் பழம், தடிச்ச தோல், ரொம்பத் தாமதமாத்தான் பழுக்கும். தோல் நிறைய டானின், அதாவது துவர்ப்பைத் தர்ற பொருள். அதனால இளசா இருக்கும்போது இந்த வைன் கடுக்காயை மென்ன மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். கிரெனாஷ்தான் பழச்சுவையும் கொழுமையும் கொடுத்து அதைக் கொஞ்சம் தணிக்குது.

இப்போ பாட்டிலுக்குள்ள போவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சிவப்பு நிறத்தைத் தர்ற பொருள் ஆந்தோசயனின். வருஷம் போகப் போக அது டானினோட கை கோக்குது. சங்கிலி நீளுது. ஒரு கட்டத்துல கரைஞ்சு நிக்க முடியாம அடியில படிஞ்சிடுது. பழைய பாட்டில்ல கருஞ்சிவப்பா ஒரு வண்டல் இருக்கும் பாருங்க, நாம தேடின சாயத்துல ஒரு பங்கு அங்கதான் கிடக்கு! மேல நிக்கற வைன் செங்கல் நிறத்துக்கு மாறிடும், துவர்ப்பும் இறங்கிடும். ஒரே வேலையில நிறமும் சுவையும் மாறுது, எவ்வளவு அழகான வேதியியல்! வண்டலைப் பாத்துட்டு "கெட்டுப்போச்சு"ன்னு யாரும் கொட்டிடாதீங்க. ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை நிமிர்த்தி வச்சு, மெதுவா ஊத்தினா போதும், வண்டல் அடியிலேயே தங்கிடும்.

வாசனையும் ஆளே மாறிடும். கறுப்புப் பழ வாசனை பின்னாடி போய், பதப்படுத்தின தோல் (லெதர்), காளான், மழையில நனைஞ்ச காட்டுச் சருகு, உலர்ந்த அத்தி எல்லாம் முன்னாடி வரும். எல்லா வைனும் இப்படி ஆகாது. டானின் கம்மியா இருக்கறது பலதும் சில வருஷத்துலயே சோர்ந்து போயிடும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இன்னைக்கு பான்டோல்ல பெரும்பகுதி ரோஸ்ங்கிற இளஞ்சிவப்பு வைன்தான். சீக்கிரம் பாட்டிலுக்குப் போகும், சீக்கிரம் காசாகும். அதை விட்டுட்டு, பீப்பாயில ஒன்றரை வருஷம் காத்திருந்து சிவப்பு செய்யறவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை. நீங்க அந்தத் தோட்டக்காரரா இருந்தா எதைச் செய்வீங்க? கமெண்ட்ல காரணத்தோட எழுதுங்க.