நெப்டியூன் அவ்வளவு நீலமா? விண்கலப் படங்களைப் பகிரும் முன்

[திரையில்: அடர்நீல நெப்டியூன், பக்கத்தில் வெளிர் யுரேனஸ்]

நெப்டியூன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்த அடர்நீல உருண்டைதான். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் கடந்து போகும்போது எடுத்த படங்களிலிருந்து வந்தது. பக்கத்தில் இருப்பது யுரேனஸ். 1986-இல் அதே விண்கலம் எடுத்தது. இரண்டு கோள்களுக்கும் நிறத்தில் இவ்வளவு வித்தியாசமா?

இல்லை. நெப்டியூனும் கிட்டத்தட்ட அதே வெளிர் பச்சைநீலம்தான், நீலம் ஒரு சாயல் கூடுதல், அவ்வளவே. மேகங்களும் பட்டைகளும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அப்போது நிறத்தைக் கூட்டிக் காட்டினார்கள். அதை யாரும் மறைக்கவில்லை. படத்தோடு வந்த குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் படம் கைமாறிக் கைமாறிப் போனதில் குறிப்பு உதிர்ந்துபோனது. 2024-இல் ஆக்ஸ்போர்டின் பேட்ரிக் இர்வின் குழு, ஹபிள் தொலைநோக்கித் தரவுகளையும் சிலியில் உள்ள விஎல்டி என்ற பெரிய தொலைநோக்கியின் தரவுகளையும் வைத்து நிறத்தைச் சரிசெய்து காட்டியபோதுதான் பலருக்கும் விஷயம் எட்டியது.

என்னைக் கேட்டால், நிறத்தைக் கூட்டியதில் தப்பே இல்லை. குறிப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பகிர்ந்ததில்தான் கோளாறு.

[திரையில்: மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன]

சரி, நிறம் எங்கிருந்து வருகிறது? வாயேஜர், கசினி போன்ற விண்கலங்களின் கேமரா பதிவு செய்வது கருப்பு வெள்ளைப் படத்தைத்தான். முன்னால் ஃபில்டரை, அதாவது குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியை, மாற்றி மாற்றித் தனித்தனியாக எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பூமியில் அடுக்கினால் வண்ணப்படம். இதில் ஒரு வேடிக்கை, வாயேஜர் கேமராக்களில் சிவப்பு ஃபில்டரே கிடையாது. ஆரஞ்சை வைத்துச் சமாளித்தார்கள். ஆக, "கண்ணால் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்" என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

1976-இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் இறங்கி அனுப்பிய முதல் வண்ணப்படம் வெளியானபோது வானம் நம் ஊர் வானம் போல நீலமாக இருந்தது. அப்புறம் அளவுகளைச் சரிபார்த்து, வெளிர் சிவப்பு கலந்த வானமாகத் திருத்தினார்கள். வல்லுநர்களுக்கே இந்த நிலை.

[திரையில்: சனியின் வளையத்துக்கு அருகே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்]

சனியைச் சுற்றிய கசினியின் மூலப் படங்களை, அதாவது அது அனுப்பிய திருத்தாத படங்களை, அடுக்கிப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. சனியும் வளையமும் கச்சிதமாகப் பொருந்தும், ஒரு நிலா மட்டும் மூன்று நிறப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். ஒரு ஃபில்டரிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்குள் அது நகர்ந்துவிட்டது. நிலாவைத் தனியாக வெட்டிப் பொருத்தினால் அழகாகிவிடும். தாராளமாகச் செய்யலாம், செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

மூலப் படங்களில் நம்மை ஏமாற்றும் விஷயங்கள் இன்னும் சில உண்டு. வெள்ளைப் பொட்டுகளும் கீறல்களும் தெரியும். பெரும்பாலும் விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர் கேமராவின் சென்சாரில் மோதிய தடம், பறக்கும் தட்டு அல்ல! உடனடியாக இணையத்தில் ஏற்றும் படங்களில் வெளிச்சமும் தானாகவே மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் இரண்டு படங்களை வைத்து "இந்த நிலா அதைவிடப் பிரகாசம்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

[திரையில்: வியாழனின் கீற்றுகள் ஒன்றுசேர்ந்து முழுப் படமாகின்றன]

2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தில் இருக்கும் ஜூனோகேம், பொதுமக்களை மனதில் வைத்தே சேர்க்கப்பட்ட கேமரா. விண்கலம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டு முறை தன்னைத்தானே சுற்றுவதால் படம் கீற்றுக் கீற்றாக வருகிறது. அவற்றை வளைத்து ஒட்டி முழுக் கோளாக்குவதை ஆர்வலர்கள் பலர் செய்கிறார்கள். கிடைக்கும் சுழல் மேகங்களின் நிறம் பல நேரம் வேண்டுமென்றே கூட்டப்பட்டதுதான். உண்மையான வியாழன் இவ்வளவு பளிச்சென்று இருக்காது.

ஏஐ செயலியில் போட்டுப் பெரிதாக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இல்லாத பள்ளத்தையும் அது வரைந்து வைக்கும்.

[திரையில்: படத்தின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் குறிப்பு]

பகிரும்போது விண்கலம், எடுத்த தேதி, பட எண், ஃபில்டர்கள், நிறம் கூட்டியதா இல்லையா, இவ்வளவு இருந்தால் போதும். பட எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் மூலத்தைத் தேடிப் பிடிக்கலாம். நாசா படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைத் தடை இல்லை, ஆனாலும் நாசாவின் பெயரைப் போட வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பல படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, நிபந்தனையோடு பகிர அனுமதிக்கும் உரிமத்தில் வருகின்றன. அதன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். வேறொருவர் உட்கார்ந்து செய்து முடித்த படமென்றால், விண்கலத்தின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் வர வேண்டும்.