இன்னும் ஒரே ஒரு வாய்

(பெரம்பூரில் இளம் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்போ வாயே திறக்க மாட்டேங்கிறான்." இருபத்திரண்டு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். இதைச் சொல்லாத அம்மா அபூர்வம். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு வருஷத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையத்தானே செய்யும்? ஆனால் நாம் போடும் சோறு குறைவதில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பம்.

சமீபத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை, பாட்டியின் இடுப்பில். எதிரே செல்போனில் பாட்டு. மிக்ஸியில் அடித்த பருப்புச் சாதம். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பாட்டி சத்தத்தைக் கூட்டினார். திரையில் யானை வந்ததும் குழந்தை வாயைப் பிளந்தது, ஸ்பூன் உள்ளே போனது. முக்கால் மணி நேரம் இப்படியே. கடைசியில் கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பாட்டியின் புடவையில்.

அந்தக் குழந்தை "போதும்" என்று பலமுறை சொல்லிவிட்டது. பேச வராததால் முகத்தைத் திருப்பிச் சொன்னது. பாட்டிமேல் எனக்குக் கோபமில்லை. பசியைப் பார்த்த தலைமுறை அது, தட்டில் மீதமிருந்தால் மனசு பதறும். ஆனால் வயிறு சொல்வதைக் கேட்கப் பிறவியிலேயே தெரிந்த குழந்தைக்கு, அதை நாம்தான் மறக்கடிக்கிறோம்.

1920களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த குழந்தைகள் முன்னால் பலவிதச் சாப்பாட்டை வைத்து, அவர்கள் போக்கில் விட்டார். குழந்தை கை நீட்டினால் மட்டுமே ஊட்டலாம், "இதைச் சாப்பிடு" என்று தூண்டக் கூடாது. ஒரு வேளை ஒன்று, மறுவேளை வேறொன்று என்று தின்றாலும் குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். பாதியில் நிறுத்திப் புரிந்துகொள்ளாதீர்கள். அங்கே வைத்தது முட்டை, இறைச்சி, காய், பழம், தானியம், பால். இனிப்புப் பண்டம் ஒன்றுகூட இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர்கள் கையில், எவ்வளவு என்பது குழந்தை கையில். நம் வீட்டில் அப்படியே தலைகீழ். கடையில் எந்த பாக்கெட் என்று குழந்தை முடிவு செய்கிறது, எத்தனை வாய் சோறு என்று நாம் முடிவு செய்கிறோம்.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்று என் மகனிடம் நானும் சொன்னவள்தான். கீரை ஏதோ கஷ்டமான வேலை, அதற்குக் கூலி சாக்லேட் என்றுதான் அவன் மனதில் பதிந்தது. இன்றும் கீரையைத் தொடுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, புதுக் காயை ஒரே நாளில் பிடிக்க வைக்க முடியாது. ஒரு துளி தட்டில் வையுங்கள், பேச்சில்லாமல், பத்துப் பதினைந்து தடவையானாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதையே சாப்பிடுங்கள்.

கேரட்டே ஆகாது என்று ஒரு பையனை அவன் அம்மா என்னிடம் விட்டுப் போனார். சாம்பார் சாதத்தில் கேரட்டைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், பக்கத்துப் பையன் தட்டிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.