சூரை மீன் சியர் பண்ணலாம் வாங்க, இரும்பு தோசைக்கல் போதும்

வணக்கம். இன்னைக்கு டூனா சியர், அதாவது நல்ல சூட்டுல மேல் பக்கத்த மட்டும் சட்டுனு செவக்க வெச்சு, உள்ள பச்சையா விடறது. நம்ம சூரை மீன்தான், ஆனா கொழம்புக்கு வெட்டுற மாதிரி முள்ளோட வேணாம், முதுகுச் சதைய மட்டும் எடுத்து ஒரு இஞ்ச் தடிமன்ல துண்டு போட்டுத் தரச் சொல்லுங்க.

(மீன் க்ளோசப்)

மொதல்ல ஒண்ணு, இது உள்ள பச்சையா இருக்கப்போற ஐட்டம், அதனால மார்க்கெட்ல வெயில்ல கெடந்த மீன் ஆகவே ஆகாது. ஐஸ் இல்லாம கெடந்தா சூரைல ஹிஸ்டமின் உருவாகிடும், அது வந்துட்டா எவ்ளோ வறுத்தாலும் கொதிக்க வெச்சாலும் போகாது, மூஞ்சி செவந்து தலைவலி, அரிப்புன்னு படுத்திரும். பச்சையா சாப்பிடவேன்னு ஃப்ரீஸ் பண்ணி விக்கிறத வாங்கி, வேக்யூம் கவர பிரிச்சுட்டு, நைட்டே ஃப்ரிட்ஜ்ல உருக வைங்க. செக்கச்செவேல்னு இருந்தா ஃப்ரெஷ்னு நம்பிடாதீங்க, கார்பன் மோனாக்சைடு அடிச்சும் அந்தக் கலர் வரும், ஐரோப்பால அதுக்கு தடையே இருக்கு. கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் முழுசா வேகவெச்சே குடுங்க.

(தோசைக்கல்)

நான் மொதத் தடவ கழுவின ஈரத்தோட அப்படியே போட்டேன், தண்ணி விட்டு அவிஞ்சு டின் மீன் மாதிரி சாம்பக் கலர்ல வந்துச்சு. தண்ணி 100 டிகிரில ஆவியாகுது, மேல் பக்கம் செவக்க 140க்கு மேல வேணும், ஈரம் இருக்கற வரைக்கும் சூடு அங்க ஏறவே ஏறாது. அதனால டிஷ்யூ வெச்சு நல்லா ஒத்தி எடுங்க. உப்பு, கொரகொரன்னு இடிச்ச மொளகு, அவ்ளோதான். நான்ஸ்டிக் இந்த சூட்டுக்கு வேணாம். கல்லுல ரீஃபைண்ட் கடலெண்ணெய் ஒரு ஸ்பூன், லேசா பொகை வந்ததும் மீன வைங்க, வெச்சா தொடாதீங்க.

இப்ப கடிகாரத்த விட்டுட்டு மீனோட சைட பாருங்க, அடில இருந்து வெள்ளையா ஒரு கோடு மேல ஏறும் பாத்தீங்களா, நாலு மில்லிமீட்டர் ஏறினதும் திருப்பிடுங்க. எனக்கு பக்கத்துக்கு முக்கா நிமிஷம் ஆச்சு. ஒடனே ஆறின தட்டுக்கு மாத்துங்க, கல்லுலயே விட்டா நடுப்பகுதியும் வெந்துரும்.

ஜப்பான்ல கோச்சிங்கற ஊர்ப்பக்கம் இதயே வைக்கோல் தீயில காட்டி எடுப்பாங்க, கட்சுவோ டடாகி, அதுவும் ஒரு சூரை வகைதான். நம்ம வீட்ல வைக்கோல் கொளுத்துனா ஹவுஸ் ஓனர் வந்துருவாரு.

சதைல வரி ஓடும்ல, அதுக்கு குறுக்கால நறுக்குங்க. சோயா சாஸ், எலுமிச்ச, துருவின இஞ்சி. எங்கம்மா நடுவுல செவப்ப பாத்துட்டு "இது வேகவே இல்லையேடா"ன்னு அவங்க பங்க எடுத்துட்டுப் போயி, வெங்காயம் பச்சமொளகா தாளிச்சு புட்டாக்கிட்டாங்க. அதுவும் சூப்பராத்தான் இருந்துச்சு.